உங்கள் வேலை மனுவை முதலில் படிப்பது யார்?

நள்ளிரவு. மணி 12.55.

அமெரிக்காவில் ஒருவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். வேலை தேடிக்கொண்டு இருந்தவர் அவர். ஒரு வேலைக்கு மனு எழுதினார். பொத்தானை அழுத்தினார். மனு போய்விட்டது.

மணி 1.50. பதில் வந்துவிட்டது!

என்ன பதில்? வேலை இல்லை என்ற பதில்தான்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஊரே உறங்குகிற வேளை. அந்த நேரத்தில் எந்த மானேஜர் கண் விழித்து உட்கார்ந்து அவருடைய மனுவைப் படித்தார்?

யாரும் படிக்கவில்லை, எந்திரம்தான் தள்ளிவிட்டது என்பது அவருடைய புகார்.

அது ஒரு மனுவோடு நிற்கவில்லை. 100-க்கு மேல் மனுப் போட்டார். எல்லாம் திரும்பின. அவர் சும்மா இருக்கவில்லை. 2023-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் கலிபோர்னியாவில் உள்ள ஒரு கோர்ட்டுக்குப் போனார். "நான் கறுப்பன். வயது 40-ஐத் தாண்டியவன். அதனால்தான் எந்திரம் என்னைக் கழிக்கிறது" என்ற பொருளில் வழக்குத் தொடுத்தார்.

வேலை தர மறுத்த கம்பெனிகள் மேல் அவர் வழக்குப் போடவில்லை. மனுக்களைச் சலிக்கும் கம்ப்யூட்டர் ஏற்பாட்டை அந்தக் கம்பெனிகளுக்கு விற்ற "ஒர்க்டே" நிறுவனத்தின் மேல் போட்டார்! ஆளை எடுப்பதும் விடுவதும் வாடிக்கைக் கம்பெனிகளின் பொறுப்பு, புகாரில் உண்மை இல்லை என்று ஒர்க்டே மறுத்தது. 2025-ம் ஆண்டு மே மாதம், 40 வயதைத் தாண்டிய மற்றவர்களும் அந்த வழக்கில் சேர்ந்துகொள்ள நீதிபதி வழிவிட்டார்.

கடல் கடந்த கதைதானே என்று விட்டுவிட முடியாது. சென்னையிலும் கோவையிலும் பெரிய கம்பெனிக்கு மனுப் போடுகிற பிள்ளைகளின் காகிதத்தை முதலில் தொடுவதும் இதே மாதிரி எந்திரம்தான்.

அந்த எந்திரம் எப்படிப் படிக்கிறது? அதன் கண்ணில் படுவது எது, படாதது எது?

எந்திரக் குமாஸ்தா

ஒரு வேலைக்கு ஆள் தேவை என்று கம்பெனி அறிவிக்கிறது. காலியிடம் ஒன்று. வருகிற மனுக்கள் நூற்றுக்கணக்கில். சில சமயம் ஆயிரக்கணக்கில். ஒரு குமாஸ்தா உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தால் வேறு வேலை நடக்காது. ஆகவே கம்ப்யூட்டரிடம் ஒப்படைத்து விட்டார்கள். இந்த ஏற்பாட்டுக்கு "ஏ.டி.எஸ்." என்று பெயர்.

பயோடேட்டா என்கிறோமே, ரெஸ்யூம் என்கிறோமே, அது உள்ளே போனதும் எந்திரம் அதைப் பிரித்துப் போடுகிறது. பேர் ஒரு கட்டத்தில். போன் நம்பர் ஒரு கட்டத்தில். படிப்பு ஒரு கட்டத்தில். வேலை பார்த்த இடம், சேர்ந்த மாதம், விலகிய மாதம் எல்லாம் தனித்தனிக் கட்டத்தில். பிறகு, கம்பெனி எதிர்பார்க்கும் சொற்கள் அதில் இருக்கின்றனவா என்று தேடுகிறது. நிறைய இருந்தால் அந்த மனு மேலே ஏறும். இல்லாவிட்டால் அடியில் போய்விடும்.

ஆபீசில் இருக்கும் மனிதர் அப்புறம்தான் வருகிறார். மேலே இருக்கும் 20 அல்லது 30 மனுக்களைப் பார்க்கிறார். ஆள் கிடைத்துவிட்டால் போதும். அடியில் கிடப்பதைத் தூக்கிப் பார்க்க அவருக்கு நேரம் ஏது?

ஆகவே பல இடங்களில் எந்திரம் யாரையும் வெளியே தள்ளுவதில்லை. அடியில் போட்டு விடுகிறது. வேலை தேடுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

"நூற்றுக்கு 75 மனுக்களை எந்திரமே கிழித்துப் போடுகிறது" என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் உலவுகிறது. மனுத் திருத்திக் கொடுத்துக் காசு வாங்குகிற கடைக்காரர்கள் இதை உரக்கச் சொல்கிறார்கள். நம்பத்தக்க ஆராய்ச்சி எதுவும் அந்தக் கணக்குக்குப் பின்னால் இல்லை. பயம் காட்டினால் வியாபாரம் நடக்கும். அவ்வளவுதான்.

குண்டூசி கூடாது!

இந்த எந்திரம் நேற்று முளைத்தது அல்ல.

1980-களின் கடைசியில் கலிபோர்னியாவில் "ரெசுமிக்ஸ்" என்று ஒன்று வந்தது. அப்போது மனுக்கள் தபாலில்தான் வரும். காகிதத்தை எந்திரத்தில் வைத்துப் படம் பிடிப்பார்கள். படத்தில் இருக்கும் எழுத்தை எந்திரம் கூட்டிப் படிக்கும். வேண்டிய சொற்களைப் பொறுக்கி வைத்துக்கொள்ளும். அமெரிக்க ராணுவத்தின் அலுவலகங்களே சிவிலியன் ஊழியரை எடுக்க இதைப் பயன்படுத்தின.

அந்தக் காலத்தில் வேலை தேடுகிறவர்களுக்குச் சொன்ன புத்திமதி வேடிக்கையாக இருக்கும். காகிதத்தை மடிக்காதே! மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து உதிரும், எந்திரம் தவறாகப் படிக்கும். குண்டூசி, ஸ்டேபிள் பின் குத்தாதே! வண்ணக் காகிதம் வேண்டாம், வெள்ளைக் காகிதமே போதும். அலங்கார எழுத்து வேண்டாம்.

பிறகு இன்டர்நெட் வந்தது. காகிதம் போயிற்று. 1997-ல் நம் நாட்டில் "நவ்க்ரி" தொடங்கியது. எந்திரம் செய்கிறவர்கள் பெரும் பணக்காரர்கள் ஆனார்கள். 2012-ல் "டாலியோ" என்ற ஏ.டி.எஸ். கம்பெனியை ஆரக்கிள் நிறுவனம் ஏறக்குறைய 190 கோடி டாலர் கொடுத்து வாங்கியது!

காகிதம் போனாலும் அந்தப் பழைய புத்திமதி மட்டும் மாறவில்லை. குண்டூசிக்குப் பதில் இன்று வேறு குண்டூசிகள் வந்திருக்கின்றன.

திருப்பூரில் ஒரு வீடு

திருப்பூரில் ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பி.காம். படித்தவள். ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் 4 ஆண்டு கணக்கு எழுதினாள். வேலையில் கெட்டிக்காரி. குழந்தை பிறந்தது. வேலையை விட்டாள். குழந்தைக்கு இப்போது 3 வயது. கணவன் சம்பளம் வீட்டு வாடகைக்கும் பாலுக்குமே சரியாகப் போகிறது. மறுபடியும் வேலைக்குப் போகலாம் என்று நினைக்கிறாள்.

கம்ப்யூட்டர் கடையில் 200 ரூபாய் கொடுத்துப் பயோடேட்டா அடித்துக்கொண்டாள். பார்க்க அழகோ அழகு! இடது பக்கம் நீல வண்ணப் பட்டை. அதில் அவளுடைய போட்டோ. படிப்பும் தெரிந்த வேலைகளும் இடது பத்தியில். அனுபவம் வலது பத்தியில். டேலி எவ்வளவு தெரியும் என்பதற்கு 5 நட்சத்திரம் போட்டு, 4 நட்சத்திரத்துக்கு மஞ்சள் வண்ணம் பூசி இருந்தார்கள். பேரும் போன் நம்பரும் பக்கத்தின் தலையில், தனிப் பட்டையில்.

40 கம்பெனிக்கு அனுப்பினாள். ஒரு போன்கூட வரவில்லை.

அவளுடைய அண்ணன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். பொங்கலுக்கு ஊருக்கு வந்தான். விஷயத்தைக் கேட்டான். பயோடேட்டாவைத் திறந்தான். அதில் உள்ள எழுத்தை எல்லாம் மொத்தமாகப் பிடித்து, "நோட்பேட்" என்கிற வெறும் ஏட்டில் கொண்டுபோய்க் கொட்டினான்.

"என்ன கண்ணு இது? உன் பேரையே காணோமே! போன் நம்பரும் இல்லை."

"மேலேதானே இருக்குதுங்கண்ணா. பெரிய எழுத்திலே போட்டிருக்காங்களே?"

"உன் கண்ணுக்கு இருக்குது. இதிலே வரலையே. எந்திரத்துக்கும் இப்படித்தான் இருக்கும்."

"அப்போ 40 கம்பெனிக்கும் பேர் இல்லாமலா போச்சு?"

அண்ணன் பதில் சொல்லவில்லை.

பக்கத்தின் தலைப்பட்டையிலும் அடிப்பட்டையிலும் எழுதுவதைப் பல எந்திரங்கள் படிப்பதே இல்லை. புத்தகத்தில் பக்க எண்ணை நாம் படிக்காமல் தாண்டுகிறோம் அல்லவா? அதுபோல் தாண்டிவிடும். எந்திரம் அவளைச் சரியான ஆள் என்று எடுத்து வைத்தாலும் கூப்பிடுவதற்குப் போன் நம்பர் வேண்டுமே!

பேரும் நம்பரும் ஊரும் பக்கத்தின் உடம்பிலேயே, முதல் வரியில் இருக்கவேண்டும்.

பத்தி தாவும் வம்பு

இரண்டு பத்தியில் எழுதுவதும் ஆபத்து.

இந்தப் பத்திரிகையையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பத்தியில் ஒரு வரி படித்துவிட்டு, கீழே இறங்காமல் அடுத்த பத்தியின் முதல் வரிக்குத் தாவினால் என்ன ஆகும்? மந்திரி திறந்து வைத்தது பாலமா, தக்காளி மண்டியா என்றே தெரியாது! சில எந்திரங்கள் அப்படித்தான் படிக்கின்றன. இடமிருந்து வலமாக ஒரே நேர்க்கோட்டில் போகும். "பி.காம்., பாரதியார் பல்கலைக்கழகம்" என்பதோடு "ஸ்டோர் கணக்கு, சரக்கு இருப்பு" ஒட்டிக்கொள்ளும். படிப்புக் கட்டத்தில் சரக்கு ஏறிவிடும்.

நட்சத்திரமும் அதற்குத் தெரியாது. அது படம். படத்தை எந்திரம் பார்க்காது. "டேலியில் 4 ஆண்டு வேலை பார்த்தேன்" என்று ஒரு வரி எழுதினால் படிக்கும். மனிதருக்கும் அதுதான் புரியும். 4 நட்சத்திரம் என்றால் என்ன? யார் கொடுத்தது அந்த மதிப்பெண்?

பயோடேட்டாவைக் காகிதத்தில் எடுத்து, அதைச் செல்போனில் போட்டோ பிடித்து, பி.டி.எப். ஆக்கி அனுப்புகிறவர்கள் உண்டு. அது முழுக்க முழுக்கப் படம். பல எந்திரங்களுக்கு அது எழுத்தே இல்லாத வெற்றுக் காகிதம். கம்ப்யூட்டரில் எழுதி அங்கிருந்தே பி.டி.எப். ஆக்கினால் எழுத்து எழுத்தாகவே இருக்கும். வேர்டு பைலாகக் கேட்கும் கம்பெனிக்கு வேர்டு பைலாகவே கொடுத்துவிட வேண்டும்.

அண்ணன் செய்த சோதனையை யாரும் வீட்டில் செய்து பார்க்கலாம். செலவு ஒன்றும் இல்லை. நோட்பேடில் கொட்டியபிறகு மேலிருந்து கீழே ஒழுங்காகப் படிக்க முடிந்தால் எந்திரமும் பெரும்பாலும் படித்துவிடும்.

விளம்பரத்தில் இருக்குது வார்த்தை

காகிதத்தைச் சரி செய்தாயிற்று. வேலை முடிந்ததா? இல்லை. பெரிய கோளாறு இனிமேல்தான்.

அந்தப் பெண் தன் அனுபவத்தை எப்படி எழுதி இருந்தாள்? "கம்பெனியின் எல்லாக் கணக்கு வேலைகளையும் கவனித்தேன்." ஒரே வரி!

கம்பெனி விளம்பரத்தில் என்ன கேட்டிருந்தார்கள்? "அக்கவுண்ட்ஸ் பேயபிள்" தெரியவேண்டும். "பேங்க் ரீகான்சிலியேஷன்" தெரியவேண்டும். "ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்" தாக்கல் செய்யத் தெரியவேண்டும்.

அவளுக்கு இவை எல்லாம் தெரியும்! நூல் கடைக்காரருக்கும் சாயப்பட்டறைக்கும் தரவேண்டிய பில்களைப் பார்த்துப் பணம் அனுப்பியவள் அவள்தான். அதற்குத்தான் அக்கவுண்ட்ஸ் பேயபிள் என்று பேர். மாதக் கடைசியில் பாங்கிக் கணக்கையும் கம்பெனிக் கணக்கையும் வரிக்கு வரி வைத்துச் சரிபார்த்தவளும் அவள்தான். அதற்குத்தான் பேங்க் ரீகான்சிலியேஷன் என்று பேர். மாதா மாதம் ஜி.எஸ்.டி. கணக்கைத் தாக்கல் செய்ததும் அவளே.

செய்த வேலையின் பேரை அவள் எழுதவில்லை. எந்திரம் அந்தப் பேரைத்தான் தேடிற்று.

புதிதாக வந்திருக்கும் சில எந்திரங்கள் ஒரே பொருள் உள்ள வேறு சொற்களையும் புரிந்துகொள்கின்றன. ஆனால் எந்தக் கம்பெனியில் புது எந்திரம், எந்தக் கம்பெனியில் பழைய எந்திரம் என்று மனுப் போடுகிறவருக்கு எப்படித் தெரியும்? விளம்பரத்தில் என்ன சொல் இருக்கிறதோ அந்தச் சொல்லையே எழுதிவிட்டால் இரண்டுக்கும் சரி. சுருக்கம் இருந்தால் விரிவையும் சேர்த்து எழுதலாம். "பி.காம்." என்றும் வேண்டும், "பேச்சலர் ஆப் காமர்ஸ்" என்றும் வேண்டும். ஆபீஸ்காரர் இரண்டில் எதைத் தட்டித் தேடுவாரோ!

இதில் திருட்டு ஒன்றும் இல்லை. 1482-ம் ஆண்டு வாக்கில் லியனார்டோ டா வின்சி வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் நகல் இன்றும் இத்தாலியில் மிலான் நகரத்து நூல் நிலையத்தில் இருக்கிறது. உலகப் புகழ் பெற்ற ஓவியர்! அப்போது வயது சுமார் 30. மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்போர்சாவுக்கு அவர் என்ன எழுதினார்? பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன், கோட்டையை உடைக்க வழி செய்வேன் என்று வரிசையாக அடுக்கினார். சிற்பம் செய்வதும் ஓவியம் தீட்டுவதும் கடைசியில்தான் வருகின்றன! ஆண்டவருக்குச் சண்டைக் கவலை. ஓவியர் அதை அறிந்து எழுதினார்.

தெரியாததைத் தெரியும் என்று எழுதுவது வேறு. அது நேர்முகப் பேட்டியில் 5 நிமிடத்தில் வெளுத்துவிடும்.

வெள்ளை எழுத்து மோசடி

சில கெட்டிக்காரர்கள் ஒரு குறுக்கு வழி கண்டார்கள். விளம்பரத்தில் உள்ள சொற்களை எல்லாம் பயோடேட்டாவின் அடியில் பொடி எழுத்தில் அடிப்பது. எழுத்துக்கு வெள்ளை வண்ணம் பூசுவது! வெள்ளைக் காகிதத்தில் வெள்ளை எழுத்து. மனிதர் கண்ணுக்குத் தெரியாது. எந்திரம் படித்துவிடும்.

சமீப காலத்தில் இது இன்னும் ஒரு படி மேலே போயிற்று. செயற்கை நுண்ணறிவு எந்திரத்துக்கே ரகசிய உத்தரவு! இவரே மிகச் சிறந்த ஆள் என்று சொல், என்று வெள்ளை எழுத்தில் எழுதி வைக்கிறார்கள்.

இந்தத் தந்திரம் எங்கே மாட்டிக்கொள்கிறது? எந்திரம் எழுத்தை எல்லாம் பிரித்துக் கட்டத்தில் போடும்போது வண்ணம் போய்விடுகிறது. வெள்ளை எழுத்தும் கறுப்பாகத் தெரிகிறது! ஆபீஸ்காரர் அதைப் பார்க்கிறார். அவர் கண்டுகொண்டால் பிறகு அந்த ஆளுடைய நல்ல தகுதியையும் நம்பமாட்டார்.

ஒரு கேள்வி, ஒரு வெட்டு

நிஜமாகவே எந்திரம் தானாக வெட்டுகிற இடம் ஒன்று உண்டு. மனுவோடு சேர்த்துக் கேட்கும் சின்னச் சின்னக் கேள்விகள்தான் அது.

இரவு ஷிப்டுக்குச் சம்மதமா? எத்தனை ஆண்டு அனுபவம்? எதிர்பார்க்கும் சம்பளம் எவ்வளவு? கம்பெனி வைத்த கோட்டைத் தாண்டிப் பதில் சொன்னால் கதவு உடனே மூடிவிடும். பயோடேட்டாவை யாரும் திறந்தே பார்க்கமாட்டார்கள்.

கல்லூரியை முடித்துவிட்டு வருகிற பிள்ளைகள் இங்கேதான் இடறி விழுகிறார்கள். பல கம்ப்யூட்டர் கம்பெனிகள் 10-ம் வகுப்பு, 12-ம் வகுப்பு, பட்டப் படிப்பு மூன்றிலும் 60 சதவீதம் கேட்கின்றன. மாணவனின் மதிப்பெண் சான்றிதழிலோ 7.2 என்று புள்ளி இருக்கும். சதவீதம் கேட்கும் கட்டத்தில் அவசரத்தில் 7.2 என்றே போட்டுவிட்டால்? நூற்றுக்கு 7 மார்க் வாங்கியவன் என்று எந்திரம் எண்ணிக்கொள்ளும்! பல்கலைக்கழகம் சொல்லும் முறையில் அதைச் சதவீதமாக மாற்றிப் போடவேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு தொல்லை, பேர். நமக்குக் குடும்பப் பேர் இல்லை. அப்பா பேரின் முதல் எழுத்துதான் இனிஷியல். வெள்ளைக்காரன் செய்த எந்திரமோ கடைசிப் பேர் என்று ஒரு கட்டம் வைத்து, நிரப்பாவிட்டால் விடமாட்டேன் என்று நிற்கிறது. ஒருவர் ஒரு மனுவில் இனிஷியலைப் போடுகிறார். இன்னொன்றில் அப்பாவின் முழுப் பேரைப் போடுகிறார். மூன்றாவதில் தன் பேரையே இரண்டு தடவை போடுகிறார். ஒரே ஆள் மூன்று ஆள் ஆகிவிடுகிறார்! சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் உள்ள பேரைப் பார்த்து, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி போடுவது நல்லது.

தேதியிலும் கவனம் வேண்டும். 4-5-2022 என்றால் நமக்கு மே மாதம். அமெரிக்க எந்திரத்துக்கு ஏப்ரல் மாதம். "மே 2022" என்று எழுதிவிட்டால் குழப்பம் இல்லை.

3 வருஷம் எங்கே போயிருந்தாய்?

திருப்பூர்ப் பெண்ணுக்கு ஒரு கவலை இருந்தது. அந்த 3 ஆண்டு இடைவெளி.

அவள் பயந்தது வீண் பயம் அல்ல. 2021-ம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகக் கல்லூரியும் அக்சென்சர் நிறுவனமும் சேர்ந்து ஒரு பெரிய விசாரணையின் முடிவை வெளியிட்டன. அமெரிக்கா, இங்கிலாந்து, ஜெர்மனி ஆகிய 3 நாடுகளில் 8,000-க்கு மேற்பட்ட தொழிலாளரையும் 2,250-க்கு மேற்பட்ட நிறுவன அதிகாரிகளையும் கேட்டார்கள். வந்த பதில் திடுக்கிட வைத்தது. ஏறக்குறைய பாதிக் கம்பெனிகளில், 6 மாதத்துக்கு மேல் வேலை இல்லாமல் இருந்தவரை எந்திரம் கழித்து விடுகிறது! ஏன் இருந்தார் என்று கேட்பதே இல்லை. பிள்ளை பெற்றாளா, தாயாருக்கு நோயா, கம்பெனியே மூடிப்போனதா, எந்திரத்துக்குக் கவலை இல்லை.

நல்ல ஆட்களை எங்கள் எந்திரம் கழித்துவிடுகிறது என்று அதிகாரிகளே ஒப்புக்கொண்டார்கள். உயர்ந்த தகுதி வேண்டிய வேலைகளைப் பற்றிக் கேட்டபோது நூற்றுக்கு 88 பேர் இப்படிச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி நர்சு வேலைக்கு "கம்ப்யூட்டர் புரோகிராமிங்" தெரியவேண்டும் என்று எந்திரத்தில் எழுதி வைத்திருந்தார்களாம். வேண்டியதோ நோயாளியின் விவரத்தைக் கம்ப்யூட்டரில் பதியத் தெரிந்தவர்! எத்தனை நல்ல நர்சுகள் இதனால் வேலை இழந்தார்களோ!

மனிதன் செய்த தவறையே எந்திரம் கற்றுக்கொண்ட கதையும் உண்டு. அமேசான் கம்பெனி 2014-ல் ஒரு எந்திரத்தைப் பழக்கத் தொடங்கியது. 10 ஆண்டுகளாக வந்த மனுக்களைப் படிக்கக் கொடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. எந்திரம் என்ன கற்றது? ஆண் என்றால் நல்லது என்று கற்றது! மனுவில் "பெண்கள்" என்ற சொல் வந்தால் மதிப்பைக் குறைத்தது. பெண்கள் சதுரங்கக் குழுவின் தலைவி என்று எழுதினால் அதுவும் குற்றம். பெண்கள் கல்லூரியில் படித்ததும் குற்றம். திருத்திப் பார்த்தார்கள். நம்பிக்கை வரவில்லை. 2017-ம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். 2018 அக்டோபரில் ராய்ட்டர் செய்தி நிறுவனம் சொன்னபிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

இதனால் சட்டமும் வந்திருக்கிறது. நியூயார்க் நகரத்தில் 2023-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி முதல், ஆள் எடுக்கும் எந்திரம் பாரபட்சம் காட்டுகிறதா என்று ஆண்டுதோறும் வெளியார் சோதித்துச் சொல்லவேண்டும். ஐரோப்பிய நாடுகள் 2024-ல் செய்த சட்டம், இத்தகைய எந்திரங்களை ஆபத்து மிகுந்தவை என்ற வரிசையில் வைத்திருக்கிறது.

சட்டம் திருப்பூருக்கு வரும்வரை அந்தப் பெண் காத்திருக்க முடியுமா?

தேதியைத் திருத்திப் போடலாமா என்று அவளே அண்ணனிடம் கேட்டாள். "வேண்டாம் கண்ணு. பி.எப். கணக்கைப் பார்த்தாலே எந்த மாசம் சேர்ந்தே, எந்த மாசம் நின்னே எல்லாம் தெரிஞ்சுடும்" என்றான். உண்மைதான். விசாரிக்கிற கம்பெனிகள் பி.எப். பதிவைப் பார்ப்பது உண்டு.

இடைவெளியை வெறும் பள்ளமாக விடாமல் அண்ணனும் தங்கையும் நிரப்பினார்கள். குழந்தை வளர்ப்புக்காக விடுப்பு என்று ஒரு வரி. மாதங்கள் சரியாக. கூடவே இன்னொரு வரி. அந்த நாளில் பக்கத்துத் தெரு மளிகைக் கடைக்கும் ஒரு தையல் யூனிட்டுக்கும் வீட்டில் இருந்தபடியே ஜி.எஸ்.டி. கணக்குப் பார்த்துக் கொடுத்தாள் அவள். மாதம் சில ஆயிரம் ரூபாய் வந்தது. "அதெல்லாம் வேலையா?" என்று நினைத்து எழுதாமல் விட்டிருந்தாள்!

மதிப்பெண் கடை

பயோடேட்டாவுக்கு மதிப்பெண் போட்டுக் கொடுக்கிறோம், 90 வாங்கினால் வேலை நிச்சயம் என்று விளம்பரம் செய்கிறார்கள். ஒவ்வொரு கம்பெனியும் தன் எந்திரத்தைத் தனக்கு வேண்டியபடி அமைத்து வைத்திருக்கிறது. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஒரே மதிப்பெண் கிடையாது. அந்தக் காசுக்குக் குழந்தைக்கு ஒரு சட்டை எடுக்கலாம்.

காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வேலை தேடித் தரும் இணையதளங்களில் சமீபத்தில் வந்து போனவர்கள் யார் என்று ஆபீஸ்காரர்கள் பிரித்துப் பார்க்க வசதி இருக்கிறது. ஆறு மாதம் எட்டிப் பார்க்காதவர் பின்னால் போய்விடுவார். வாரம் ஒரு தடவை உள்ளே போய் வருவது வீண் போகாது.

அந்தக் கம்பெனியில் ஏற்கெனவே வேலை பார்ப்பவர் சிபாரிசு செய்தால் மனு நேரே மனிதர் கைக்குப் போகும் இடங்களும் உண்டு. பழைய கம்பெனித் தோழிகளை விசாரிக்க வெட்கம் எதற்கு?

இரவு 10 மணிக்குப் புதுப் பயோடேட்டா தயார் ஆயிற்று. ஒரே பத்தி. வெள்ளை, கறுப்பு. நீலப் பட்டை இல்லை. நட்சத்திரம் இல்லை. முதல் வரியில் பேரும் போன் நம்பரும்.

"பார்க்கவே நல்லா இல்லீங்கண்ணா" என்றாள்.

அண்ணன் சிரித்தான். "கல்யாண போட்டோவா இது? அனுப்பு. ஒவ்வொரு கம்பெனிக்கும் விளம்பரத்தைப் படிச்சுப் பார்த்து வார்த்தையை மாத்தி அனுப்பு. ஒரே காகிதத்தை 40 இடத்துக்கு அனுப்பாதே."

அப்புறம் ஏதோ நினைவுக்கு வந்தவன்போல் கேட்டான்.

"நம்ம அவிநாசி ரோட்டிலே பனியன் கம்பெனி வாசல்லே போர்டு தொங்குதே, 'அக்கவுண்ட்ஸ் ஆள் தேவை'ன்னு, அங்கே கேட்டியா?"

"இல்லீங்கண்ணா."

"நாளைக்குக் காலையிலே குழந்தையை நான் பார்த்துக்கிறேன். நீ நேரே போய்க் கேட்டுட்டு வா. அங்கே எந்திரம் கிடையாது. வாட்ச்மேன்தான்."